ஹவில்தார் கோமதிநாயகத்துக்கு அஞ்சலி

"முதல்ல தண்ணியைக் குடிங்க உத்தம்தா. யாருன்னு அப்புறம் சொல்லலாம்," என்று ரஞ்சனா கண்ணாடித் தம்ளரை அவர் மேஜைமேல் வைத்தாள்.

உத்தமன் குடிக்கவில்லை. குடித்தால் துக்கம் இறங்கிவிடும். அது இறங்குவதில் அவருக்கு இஷ்டமில்லை.

கல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து மீட்டுக் கொடுக்கும் கம்பெனி அது. உத்தமன் அங்கே பல வருஷமாகக் குப்பை கொட்டுகிறவர். அப்பா ரயில்வே வேலையோடு சாந்த்ராகாச்சிக்கு வந்து சேர்ந்தவர். பூர்வீகம் அம்பாசமுத்திரம் பக்கம். ஆபீசில் இவர் ஒருவர்தான் தமிழ். பேச்செல்லாம் வங்காளத்தில்தான் நடக்கும். பக்கத்து மேஜைக்காரி ரஞ்சனா கிட்டத்தட்டத் தங்கை மாதிரி; அவள் சொல்லும் 'தா', அண்ணன் என்று அர்த்தமாகும் 'தாதா'வின் சுருக்கம். கேட்காமலே அவர் டிபன் பெட்டியைத் திறந்து பார்க்கும் உரிமை அவளுக்கு உண்டு. அந்தத் திங்கட்கிழமை காலையில் அவள் பார்த்தது டிபன் பெட்டியை அல்ல, கோவைப்பழமாகச் சிவந்திருந்த அவர் கண்களை.

"சொல்லுங்க, யார் போயிட்டாங்க?"

"ஹவில்தார் கோமதிநாயகம்."

"மிலிட்டரியா?"

"ஆமா. பர்மா சண்டையில, பாலத்தை வெடி வைச்சுத் தகர்க்கச் சொல்லி மேலதிகாரி உத்தரவு போட்டுட்டான். ஜனங்க இன்னும் தாண்டிக்கிட்டு இருக்காங்க. இவர் மாட்டேன்னுட்டார். கடைசி ஆள் தாண்டற வரைக்கும் தனி ஆளா நின்னு..."

ரஞ்சனா சேலைத் தலைப்பால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்கு என்ன உறவு?"

இந்தக் கேள்வியை உத்தமன் உண்மையாகவே யோசித்தார். என்ன உறவு? "ரத்த சம்பந்தம் கிடையாது. எங்க ஊர்ப் பக்கம்," என்றார்.

"ரத்த சம்பந்தமே இல்லாம இப்படி அழுகிறீங்கன்னா அவர் எப்பேர்ப்பட்ட மனுஷரா இருக்கணும்," என்று சொல்லிவிட்டு அவள் நேரே மேனேஜர் பாக்சியின் அறைக்குப் போனாள்.

கோமதிநாயகம் யார் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அப்படி ஒரு மனிதர் பிறக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் நடப்பதாக எடுத்த 'பர்மா கவசன்' என்ற சூப்பர்ஹீரோ படத்தின் நாயகர் அவர். ரங்கூன் ஆஸ்பத்திரியில் குண்டு விழுந்து, ஏதோ மருந்துத் தொட்டிக்குள் அவர் முங்கி எழுந்ததிலிருந்து தோட்டா பட்டால் தெறித்துப் போகும். ஊர் அவரைக் கவசன் என்று கூப்பிடுகிறது. உத்தமன் அப்படிக் கூப்பிடமாட்டார். பெற்ற தாய் வைத்த பெயர் இருக்கும்போது பட்டப்பெயர் எதற்கு என்பது அவர் கட்சி. படத்தை மூன்று தடவை பார்த்தாகிவிட்டது. மூன்றாவது தடவை நேற்று. மூன்று தடவையும் கோமதிநாயகம் பாலத்தோடு ஆற்றில் விழுந்தார். மூன்று தடவையும் உத்தமன் நொறுங்கிப்போனார்.

ரஞ்சனா போன வேகத்தைப் பார்த்ததும் உத்தமனுக்கு விஷயம் கைமீறுவது புரிந்தது. எழுந்து பின்னாலேயே ஓடினார். அதற்குள் பாக்சி அறைவாசலுக்கே வந்து அவருடைய கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பாக்சி கொஞ்சத்தில் கையை விடுகிறவர் அல்ல.

"ஒன்றும் பேசவேண்டாம் உத்தமன்."

"இல்லை சார், பேசணும். அது சினிமா சார்."

பாக்சியின் கண்கள் விரிந்தன. "அவரைப் பற்றிச் சினிமாவே எடுத்துவிட்டார்களா?"

"எடுத்திருக்காங்க சார். ஆனா சினிமாவுல மட்டும்தான்..."

"சினிமாவில் மட்டும்தான் மரியாதை செய்கிறோம். இந்த நாடே அப்படித்தான். ஆபீஸ் என்ன செய்தது? நாம் என்ன செய்தோம்?" என்று பாக்சி அறைக்கு வெளியே நின்றவர்களைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் தலைகுனிந்தார்கள். "வீட்டுக்குப் போங்கள். இரண்டு நாள் வரவேண்டாம். என் காரை எடுத்துக்கொள்ளுங்கள்."

உத்தமன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பாக்சி எதைச் சொன்னாலும் "சரி சார்" என்றே பழகியவர். அந்தப் பழக்கம் அவரைக் கேட்காமல் முந்திக்கொண்டது. "சரி சார்," என்றார். டிரைவர் துக்கத்தை மதித்து ரேடியோவை அணைத்துவிட்டு, சவ ஊர்வலத்தின் வேகத்தில் காரை ஓட்டினான்.

அலிப்பூர் கோர்ட்டுக்குப் பின்னால் அவர்களுக்கு வாடகை வீடு. காரிலிருந்து புருஷன் இறங்குவதைப் பார்த்த மகேஸ்வரி கையிலிருந்த கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"என்னங்க, வேலையை விட்டு அனுப்பிட்டாங்களா?"

"லீவு குடுத்திருக்காங்க."

"என்னத்துக்கு?"

"துக்கத்துக்கு."

"ஐயோ, யாரு?"

"கோமதிநாயகம்."

மகேஸ்வரி ஊர்ச் சொந்தங்களை மனசுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தாள். அப்படி யாரும் அகப்படவில்லை. கடைசியில் அகப்பட்டது. "நேத்துப் பாத்த படத்துல வந்தாரே, அந்தக் கோமதிநாயகமா?"

"அவரேதான்."

அவள் கரண்டியை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. சிரித்து முடித்ததும் சாந்த்ராகாச்சி யார்டில் வேலை பார்க்கும் தம்பி செல்வராஜுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவன் சிரித்தது அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"அத்தான், அது சின்னப்பிள்ளைங்க பாக்குற படம்லா?"

"நீ பாத்தியா?"

"அதை யாரு போய்ப் பாப்பா?"

"பாக்காம பேசாதே. ஒருத்தன் தன் உசிரைக் குடுத்து முன்னப்பின்ன தெரியாத ஜனங்களைக் கரை சேக்கான். அது சின்னப்பிள்ளைக் கதைன்னா, பெரியவங்களுக்கு எந்தக் கதைப்பா இருக்கு?"

"அத்தான், சும்மா சிரிச்சுட்டுப் போவீங்களா. ஆளு பிழைச்சுட்டாருன்னு ஆபீஸ்ல சொல்லிருங்க. தகவல் தப்பா வந்துட்டுன்னு சொல்லுங்க. முடிஞ்சுது."

"செத்தவரைப் பிழைச்சார்னு பொய் சொல்ல எனக்கு வாய் வராது," என்று உத்தமன் போனை அணைத்தார்.

மகேஸ்வரி அவரையே பார்த்தாள். "நாளைக்கே போய் உள்ளதைச் சொல்லிருங்க. நாள் போகப்போகச் சங்கடம் பாத்துக்கிடுங்க."

அது நியாயமான யோசனை. மறுநாள் லீவையும் பொருட்படுத்தாமல் உத்தமன் ஆபீசுக்குக் கிளம்பினார். துக்கம் ஒன்றுமில்லை என்று பார்த்தாலே தெரியட்டும் என்று, மகள் சத்யப்ரியா துர்கா பூஜைக்கு வாங்கிக் கொடுத்த மஞ்சள் பூப்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டார்.

அவர் நுழைந்ததும் ஆபீஸ் எழுந்து நின்றது.

"பாருங்கள்," என்றார் பாக்சி தழுதழுத்த குரலில். "துக்கத்தை உள்ளே வைத்துக்கொண்டு, வீரனுக்கு வீரனைப் போலவே விடைகொடுக்க வந்திருக்கிறார். இதற்குமேல் நாம் சும்மா இருக்கக்கூடாது."

அவர்கள் சும்மா இருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சனிக்கிழமை மாலை, ஆபீசுக்கு எதிரே உள்ள கிளப் ஹாலில் ஸ்மரண சபை, அதாவது நினைவஞ்சலிக் கூட்டம். ரஞ்சனா பாடுகிறாள். பாக்சியின் மனைவி வழியில் தாய்மாமன் ஒருவர் கர்னலாக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் தலைமை வகிக்கிறார். ரஜனிகந்தா என்கிற சம்பங்கி மாலைக்குச் சொல்லியாகிவிட்டது. சந்தேஷ் இனிப்புக்கும் சொல்லியாகிவிட்டது. கல்கத்தாவில் சந்தேஷுக்குச் சொல்லியான ஒரு கூட்டத்தை யாரும் நிறுத்தியதில்லை.

நேரில் வாய் திறந்தால் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். எழுத்தில் சொன்னால் கையைப் பிடிக்க முடியாதே என்று உத்தமனுக்குத் தோன்றியது. மத்தியானம் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஆங்கிலத்தில் சுருக்கமாகப் போட்டார்: ஹவில்தார் கோமதிநாயகம் என்பவர் ஒரு கேரக்டர், அவ்வளவுதான்.

உடனே பாக்சி பதில் போட்டார்: "உண்மை. அந்தத் தலைமுறைக்குக் கேரக்டர்தான் சொத்து."

அதற்குக் கீழே ஆபீஸ் முழுவதும் வரிசையாகக் கைகூப்பியது.

புதன்கிழமை ரஞ்சனா போட்டோ கேட்டாள். இந்த ஒரு விஷயத்தில் உத்தமன் உஷாராக இருந்தார். போட்டோ இல்லாமல் மாலையை எதற்குப் போடுவார்கள் என்று கணக்குப் போட்டு, தன்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சத்யப்ரியா சோபாவில் படுத்துக்கொண்டு, "பாபா, ரஞ்சனா மாஷி ஹவில்தாரோட போட்டோ கேட்டாங்க. அனுப்பிட்டேன்," என்றாள். காலேஜில் படிக்கிறவள், தமிழைவிட வங்காளம் அவளுக்குச் சரளம்; அவள் வாயில் அப்பா பாபா ஆவார், சித்தி மாஷி ஆவாள்.

"ஏட்டி, என்ன போட்டோ அனுப்புனே?"

"யூனிஃபார்ம்ல நிக்கிறது. பிளாக் அண்ட் ஒயிட்ல போட்டேன். கூப் பாலோ, ரொம்ப நல்லா வந்திருக்கு. மாஷி அழுதுட்டாங்க."

"அவரு சினிமா ஆளுன்னு சொல்லலையா?"

"மாஷி கேக்கலையே."

மகேஸ்வரி அடுப்படியிலிருந்து சொன்னாள்: "சனிக்கிழமை காய்ச்சல்னு படுத்துக்கிடுங்க. அவங்களே பாடி, அவங்களே சந்தேஷ் தின்னுட்டுப் போகட்டும்."

உத்தமன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பாலத்து மேல் நின்றபோது கோமதிநாயகத்துக்கும் யாராவது இப்படி யோசனை சொல்லியிருப்பார்கள். காய்ச்சல் என்று படுத்துக்கொள், வேறு எவனாவது நிற்பான் என்று.

"போவேன். எல்லாரும் இருக்கிற இடத்துல மைக்கைப் பிடிச்சு உள்ளதைச் சொல்லுவேன்," என்றார். "சிரிச்சா சிரிக்கட்டும்."

"பாக்சி உங்களைச் சும்மா விடுவாரா?"

"விடாட்டா போகட்டும்."

மகேஸ்வரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இது தன் புருஷனின் குரல்தானா என்று அவளுக்குச் சந்தேகம்.

சனிக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. ஆபீஸ், ஆபீசுக்கு எதிரில் உள்ள ஆபீஸ், லாரி கம்பெனிக்காரர்கள், கிளப்பில் கேரம் ஆட வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டவர்கள். வெள்ளைத் துணி விரித்த மேஜைமேல், ஆளுயர மாலைக்கு நடுவில், கோமதிநாயகம் முறுக்கிய மீசையோடு நின்றார். ஊதுபத்தி புகைந்தது. ஓரத்தில் மைக்செட்காரன் ஜெயந்த், ஒயர்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, போட்டோவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். வரமாட்டேன் என்று சொன்ன மகேஸ்வரி கடைசி வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்தாள்.

ரஞ்சனா பாடினாள். பாதியில் அழுதுவிட்டாள். கர்னல் எழுந்தார்.

"நான் படையில் சேர்ந்த புதிதில், மெஸ்ஸில் பெரியவர்கள் இந்த மனிதரைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறேன்," என்று ஆரம்பித்தார். "நல்ல உயரம். இடது காலைக் கொஞ்சம் சாய்த்து நடப்பார். பேச்சு குறைவு."

உத்தமன் மூன்று தடவை பார்த்தவர். கால் சாய்ந்ததாக ஞாபகமில்லை.

அடுத்து பாக்சி. "உத்தமன் என்னிடம் அடிக்கடி இவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். 'உத்தரவு பெரிதா, உயிர் பெரிதா' என்று இவர் கேட்டது இன்னும் என் காதில் ஒலிக்கிறது," என்றார். அந்த வசனம் படத்தில்கூடக் கிடையாது. உத்தமனுக்கே நன்றாக இருந்தது.

பிறகு அவர் முறை வந்தது. மைக் முன்னால் போய் நின்றார். மேஜையிலிருந்த முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இந்த மனிதர் பிறக்கவே இல்லை," என்றார்.

ஹாலில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

"இவர் 'பர்மா கவசன்' படத்தின் ஹீரோ. மாலை போட்டிருப்பது ஒரு நடிகரின் போட்டோவுக்கு. திங்கட்கிழமையிலிருந்து இதைச் சொல்லப் பார்க்கிறேன். சொல்லும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொள்கிறீர்கள்."

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். கர்னல் தம்முடைய இடது காலைப் பார்த்துக்கொண்டார். பாக்சியின் முகம் சிவந்து, கறுத்து, மறுபடி சிவந்தது. எழுந்து மேடைப் பக்கம் வந்தார்.

"உத்தமன், இத்தனை பேரை முட்டாளாக்கிவிட்டீர்கள். எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கீழே இறங்குங்கள்."

உத்தமனின் நாக்கு பழக்கதோஷத்தில் 'சரி சார்' என்று சொல்ல எழுந்தது. அதை அவர் பல்லுக்குப் பின்னால் பிடித்து நிறுத்தினார்.

"மாட்டேன் சார்."

"என்ன?"

"மாட்டேன். லீவு எடுத்தது தப்பு, அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். அழுததற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். இந்த ஊரில் பந்து கோலில் விழவில்லை என்று அழுகிறோம். தேவி விசர்ஜனத்துக்கு அழுகிறோம், அடுத்த வருஷம் வருவாள் என்று தெரிந்தே அழுகிறோம். ஒருவன் தன் பின்னால் வரும் ஜனங்களுக்காகப் பாலத்தில் நின்றான். அவன் இல்லாதவனாகவே இருக்கட்டும். நான் பார்த்தேன், அழுதேன். நாளைக்குப் பார்த்தாலும் அழுவேன்." திரும்பி ரஞ்சனாவைப் பார்த்தார். "ரஞ்சனா, உன்னிடம் வேண்டுமானால் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் சொல்லு. நீ இப்போது பாடும்போது அழுதாயே, பொய்யாகவா அழுதாய்?"

ரஞ்சனா மூக்கை உறிஞ்சினாள். யோசித்துவிட்டு, இல்லை என்று தலையசைத்தாள்.

கடைசி வரிசையில் மகேஸ்வரி எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. எழுந்தவள் உட்காருவதாக இல்லை.

கர்னல் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கை வாங்கினார். "முதலில் ஒன்று. மெஸ்ஸில் நான் யாரும் பேசக் கேட்கவில்லை. கூட்டத்துக்கு நன்றாக இருக்கட்டும் என்று சொன்னேன். இரண்டாவது, இந்த மாதிரிச் சபைகளுக்கு நிறையத் தலைமை தாங்கியிருக்கிறேன். போட்டோவில் இருந்தவர்களில் பாதிப் பேர், பாலத்தைப் பார்த்தால் ஜனங்களை இடித்துத் தள்ளிவிட்டு முதலில் ஓடுகிறவர்கள். அவர்களுக்கெல்லாம் எழுந்து நின்றிருக்கிறேன். இவனுக்கு நிற்பதில் எனக்கு வெட்கமில்லை."

சொல்லிவிட்டு விறைப்பாக நின்று போட்டோவுக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

முதலில் லாரிக்காரர்கள் எழுந்தார்கள். பிறகு கேரம்காரர்கள். ரஞ்சனா எழுந்ததும் ஆபீஸ் மொத்தமும் எழுந்தது. பாக்சி மட்டும் தனியாக நின்று நாலு பக்கமும் பார்த்தார். மனைவியின் தாய்மாமன் இன்னும் சல்யூட்டை இறக்கவில்லை. வாசலில் சந்தேஷ் பெட்டிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

"சரி உத்தமன்," என்றார் பாக்சி. அந்த வார்த்தையை உத்தமனிடம் அவர் சொல்வது இதுதான் முதல் தடவை. பக்கத்தில் வந்து நின்று, பழையபடி உத்தமனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோமதிநாயகத்துக்காக, தெரிந்தே, மௌன அஞ்சலி," என்று கர்னல் அறிவித்தார்.

ஹால் அடங்கியது. வெளியே துறைமுகத்தில் எங்கோ ஒரு கப்பல் ஊதியது. பிறக்காத ஒரு மனிதனுக்காக இத்தனை தலைகள் குனிந்திருப்பதைப் பார்த்து உத்தமனின் நெஞ்சு நிறைந்தது. தானும் ஒரு பாலத்தில் நின்றுவிட்டோம், கடைசி ஆள் வரை தாண்டிவிட்டார்கள் என்று தோன்றியது. கண்ணிலிருந்து வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

அப்போது ஒயர்களைத் தாண்டி மைக்செட்காரன் ஜெயந்த் அடிமேல் அடி வைத்து வந்து, அவர் காதோரம் குனிந்தான். மைக் அணைக்கப்படாமல் இருந்ததால் அவன் மெதுவாகக் கேட்டது ஹால் முழுக்கக் கேட்டது.

"தாதா, நான் ஹிந்தியில பாத்தேன். பேரெல்லாம் ஓடி முடிஞ்சப்புறம் ஆத்துக்கடியில கண்ணைத் திறந்து நீந்திப் போறாரே, அதுக்கு முன்னாலயே தியேட்டரை விட்டு எந்திரிச்சு வந்துட்டீங்களா?"